குற்றாலத்துக்கு நான் கொண்டுபோன குண்டு

1954 ஜூன் 29, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு மதுரையில் கொல்லம் வண்டி ஏறினேன். தென்காசிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் மூன்று ரூபாய் இரண்டணா. சாமான்கள்: ஒரு டிரங்குப் பெட்டி, எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய பித்தளைக் கூஜா ஒன்று, குடைகள் மூன்று. ஒரு ஆளுக்கு மூன்று குடை எதற்கு என்று டிக்கெட் பரிசோதகர் கேட்டார். "குற்றாலத்தில் சீசன்" என்றேன். குற்றாலத்துக்குப் போகிறவர்கள் நனையத்தான் போகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டார்.

வீட்டில் சொன்ன காரணம் வேறு. உடம்பில் சூடு ஏறிவிட்டது, எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால்தான் இறங்கும் என்றேன். "செவ்வாய்க்கிழமையில யாராவது ஊருக்குக் கிளம்புவாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். சூடு கிழமை பார்க்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மை இதுதான். நான் நனையப் போகவில்லை. நனைந்துகொண்டிருக்கும் என் மகளை ஒரு காய்ந்த ஊருக்குக் கூட்டிவரப் போனேன்.

ராஜத்தைத் தென்காசியில் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் அவளுக்கு ஏழாம் மாதம் முடிவதற்குள் குழந்தை இறந்தே பிறந்தது. இப்போது மறுபடியும் ஆறு மாதம். இந்த நேரம் பார்த்து நான் பத்திரிகையை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். பசிபிக் கடலில் ஒரு தீவில் அமெரிக்காக்காரர்கள் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்துப் பார்த்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். வெகு தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மேல் வெள்ளையாகச் சாம்பல் விழுந்தது, மீனவர்கள் படுத்த படுக்கையானார்கள் என்று போட்டிருந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அந்தத் தூசி மேகத்துக்கு மேலே போய் எந்த நாட்டு மழையோடும் இறங்கலாம், வயிற்றில் இருக்கும் சிசுவைத்தான் முதலில் பிடிக்கும் என்று யாரோ ஒரு விஞ்ஞானி சொன்னதாகப் பிறகு ஒரு நாள் வந்தது. மதுரையில் மழையே கிடையாது. தென்காசியிலோ ஜூன் பிறந்தால் ராப்பகலாகச் சாரல். என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மழையைக் கண்டால் உள்ளே நிற்கத் தெரியாது.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. தொழில் இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு. அதாவது, சாவைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசிச் சாப்பிடுகிறவன். ஆளைப் பயமுறுத்தக் கூடாது, அவனிடம் ஏற்கெனவே இருக்கும் பயத்தைத் தொட்டுக் காட்டினால் போதும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இருபது வருஷம் ஊராரின் பயத்தைத் தொட்டுக் காட்டினேன். என்னுடையதை யாரும் தொட்டதில்லை. அந்தச் செய்தி தொட்டது. அதற்குப் பிறகு தொழிலே ஓடவில்லை. ஒரு மளிகைக் கடைக்காரர், "அணுகுண்டு விழுந்தா பாலிசிப் பணம் வருமாய்யா?" என்று கேட்டார். "வரும். வாங்கிக்கிறதுக்கு யார் இருப்பாங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணி சுமாருக்குக் கடையநல்லூர். மேற்கே மலை தெரிய ஆரம்பித்தது. தெரிந்தது என்றா சொன்னேன்? மலை இருக்கவேண்டிய இடத்தில் கருமேகம் இருந்தது. பெட்டிக்குள் குளிர்ந்த காற்று வந்தது. எல்லோரும் சட்டைப் பித்தானை அவிழ்த்துவிட்டார்கள். நான் கழுத்துவரை போட்டுக்கொண்டேன்.

அந்த ஸ்டேஷனில் ஒரு பாய் ஏறினார். கடையநல்லூர்த் தறித் துண்டுகள், பெரிய மூட்டை. சீசன் முடியும்வரை குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் கடை போட்டிருக்கிறாராம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று மதுரையில் கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். கடையநல்லூரிலிருந்து தென்காசி பதினோரு மைல். அந்தப் பதினோரு மைலை என் வாயால் தாண்ட முடியவில்லை.

"சாரல் எப்படி, பாய்?" என்றுதான் ஆரம்பித்தேன்.

"அதை ஏன் கேக்கீய, அண்ணாச்சி. மூணு நாளா விடல. துண்டு காய மாட்டேங்குது."

"நனையறவங்களுக்கு ஒண்ணும் செய்யலையே?"

"என்ன செய்யும்?"

இப்படி ஒருவன் எதிரே உட்கார்ந்து "என்ன செய்யும்" என்று கேட்டால் எந்த ஏஜெண்டு சும்மா இருப்பான்? சொன்னேன். குரலை உயர்த்தாமல், அவர் முட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, நடுநடுவே நிறுத்தி, என் தொழில் முழுவதையும் காட்டிச் சொன்னேன். தீவு, சாம்பல், படகு, மீனவர்களின் தோல், முடி, மேகம், மழை. பாய் ஜன்னலுக்கு வெளியே மேகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"அந்தக் கடல் எந்தப் பக்கம், அண்ணாச்சி?"

"கிழக்கே."

"சாரல் மேக்க இருந்துல்லா வருது."

இரண்டு மாதமாக எனக்கு இது தோன்றவில்லை. அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கழுத்துப் பித்தானை அவிழ்த்துவிட்டேன். மூன்று மைல் நிம்மதியாகப் போனேன்.

எதிர் மூலையில் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர், துண்டை எடுக்காமலே சொன்னார்: "பூமி உருண்டையில்லாவே. கிழக்க போனது மேக்க வராம எங்க போவும்?"

யார் எவர் என்று இன்றுவரை தெரியாது. பித்தானை மறுபடியும் போட்டேன். பாய் துண்டு மூட்டையை ஜன்னலிலிருந்து உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்.

பகல் ஒரு மணி. தென்காசி ஸ்டேஷனிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு ஜட்கா எட்டணா. வழியில் கோயில். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: தென்காசியில் ராஜகோபுரம் இப்போது முழுதாக இல்லை. நடுவில் இரண்டாகப் பிளந்து, வானத்தை நடுவில் விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் மொட்டையாக நிற்கிறது. நெருப்பில் பிளந்ததாம், இடி விழுந்தது என்றும் சொல்வார்களாம். ஜட்காக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். முன்பு நான்கைந்து தடவை பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. பத்திரிகையில் ஹிரோஷிமாவின் படம் பார்த்தவன் கண்ணால் இந்தத் தடவைதான் பார்த்தேன். அடியில் ஒரு பூக்காரி முழம் போட்டுக்கொண்டிருந்தாள். குதிரை நின்று புல் தின்றது. "பயமா இல்லையா, இதுக்குக் கீழே போக வர?" என்றேன். "பொளந்தது பொளந்துட்டு, இனிமே என்ன?" என்றார் ஜட்காக்காரர்.

வீட்டு முற்றத்தில் ராஜம் நின்றுகொண்டிருந்தாள். ஓட்டு விளிம்பு நெடுக அண்டா, குடம், சருவச்சட்டி. சாரல் தண்ணீர் பிடிக்கிறாள். தலைமுடி அவிழ்ந்து சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"என்னப்பா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிய? சாரல் தண்ணியில தலைக்கு ஊத்துதேன். முடி நல்லா வருமாம்."

இரண்டு வருஷத்தில் பேச்சு முழுக்கத் தென்காசியாகிவிட்டது. நான் ஒரு குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தேன். முற்றத்தில் நின்ற சம்பந்தியம்மாள் கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இந்த வீட்டில் நான் பெயர் போன வேடிக்கைக்காரன். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குப் போட்ட மாலையை எடுத்துத் தவில்காரருக்குப் போட்டவன்.

மாப்பிள்ளை கடைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக ஆரம்பித்தேன். ராஜத்தை இப்போதே மதுரைக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன்.

"ஆறாம் மாசத்துலயா? ரெட்டப்பட மாசத்துல பிள்ளையப் படி தாண்ட விடுவாகளா?" என்றாள் கோமதியம்மாள். "ஏழுல வளைகாப்புப் போட்டு முறையாக் கூட்டிட்டுப் போங்க. போன தடவை பட்டது போதாதா?"

அவள் சொன்னதில் கேலி இல்லை. அவளுக்கும் இருந்தது பயம்தான். அவளுடையதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது, என்னுடையதற்கு இல்லை. காரணத்தைச் சொன்னால் ராஜம் காதில் விழும். சொல்லாமல் நான்கு பொய்க் காரணம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். சம்பந்தி ஆறுமுகம் அண்ணாச்சி, "உங்க வாயில வருததுல எது வேடிக்கை, எது நெசம்னு பிரிச்சுக் குடுக்க ஒரு ஆள் வைக்கணும், அண்ணாச்சி" என்று முதுகில் தட்டினார். அன்று நான் என் கூஜாத் தண்ணீரையே குடித்தேன்.

30ஆம் தேதி, புதன்கிழமை. காலை எட்டரை மணிக்கு அண்ணாச்சியோடு குற்றாலத்துக்குப் பஸ். மூன்றரை மைல், இரண்டணா. அண்ணாச்சிக்குக் குற்றாலம் கடைத்தெருவில் நல்லெண்ணெய்க் கடை. வருஷம் முழுக்கக் குடும்பம் நடப்பது இந்த மூன்று மாத எண்ணெய்க் குளியலால்தான். எண்ணெய் நாலணா, கடை வாசலிலிருந்து பேரருவிவரை வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களிடம் தேய்த்துக்கொள்ள எட்டணா. தேய்த்து முடித்ததும் வழுவழுவென்று நடந்து போய் அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்துவிட வேண்டியது. ஊரில் நடப்பது இவ்வளவுதான். இதற்குத்தான் சீமையிலிருந்தும் ஆள் வருகிறது.

அன்று வரிசை உட்கார்ந்திருந்தது. தேய்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நான் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கூஜாவுமாக அருவியைப் பார்க்கப் போனேன். நூறு அடிக்கு மேல் உயரத்திலிருந்து தண்ணீர் ஒரு பள்ளத்தில் விழுந்து பொங்கி, அங்கிருந்து அகலமாகக் கீழே இறங்குகிறது. அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சாதாரணமாக அந்த இடத்தில் தோளோடு தோள் இடிக்கும். அன்று பத்துப் பன்னிரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கடைத் தாழ்வாரங்களில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள், சாரல் மேலே படாமல். ஒரு பெண் கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் முழுக்க மூடிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினாள்.

மாடசாமி என்று ஒரு தேய்ப்பவர். அடிமரம் மாதிரிக் கை. சும்மா உட்கார்ந்து தன் முட்டிக்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கூட்டம் இல்லை?" என்று கேட்டேன்.

"உங்களுக்குச் சேதி தெரியாதா? அருவித் தண்ணியில அணுகுண்டுச் சாம்பல் கலந்துட்டாம். குளிச்சா தோல் உரியுதாம். முடி கொட்டுதாம்."

நான் பயந்தது இங்கேயே வந்துவிட்டது. "யார் சொன்னா?"

"சர்க்கார்லயே ஆள் அனுப்பிட்டான். மதுரையில இருந்து பெரிய ஆபீசர் வந்திருக்காரு. தண்ணியப் பரிசோதிக்கதுக்கு."

பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் ஒரு மூலையில், பத்திரிகைக்காரன் மிகைப்படுத்தியிருப்பான் என்று ஒரு ஆறுதல் வைத்திருந்தேன். சர்க்காரே ஆள் அனுப்பியிருந்தால் விஷயம் நான் நினைத்ததைவிடப் பெரிது. ராஜம் நேற்றுத் தலைக்கு ஊற்றியது கண் முன்னே வந்தது. என்ன சொல்லியாவது இன்றே வண்டி ஏற்றிவிட வேண்டும்.

"அந்த ஆபீசர் இப்போ எங்கே இருக்கார்? நான் பார்க்கணும்."

"யாரு கண்டா? சாரலே மேல படாம இருக்க குடையே மூணு கொண்டாந்திருக்காராம். இங்கத்தத் தண்ணிய வாயில வைக்க மாட்டாராம். கூஜாவுலயே கொண்டாந்து..."

மாடசாமியின் பார்வை என் குடையில் வந்து நின்றது. பிறகு கூஜாவுக்கு இறங்கியது. அவர் மெதுவாக எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா, நீங்களா?"

நான் குடையை மடக்கிக்கொண்டு நடந்தேன். ஓடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினோரு மைல் ரயிலில் ஒரு மனிதரிடம் சொன்னது ஒரே ராத்திரியில் சர்க்கார் உத்தரவாகி வந்து என்னையே உட்கார வைத்துவிட்டது. அதைக் கேட்டு நானே நடுங்கினேன் பாருங்கள், அங்கேதான் என் தொழிலின் பெருமை முழுதாகத் தெரிந்தது. வழியில் துண்டுக் கடை பூட்டிக் கிடந்தது. பாய் காலையிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டாராம்.

யார் கண்ணிலும் படாமல் பகலைக் கோயில் மண்டபத்தில் ஓட்டிவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் தென்காசி வீட்டுக்குத் திரும்பியபோது முற்றத்தில் அண்டா குடம் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. கோமதியம்மாள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானம் குத்துக்கல்வலசையில இருந்து தயிர்க்காரி வந்து என்னமோ சொன்னா. அதுல இருந்து பிடிச்சுப் பிள்ளை எந்திரிக்கல. ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேங்கா. நான் கேட்டா சுவரைப் பாத்துத் திரும்பிக்கிடுதா."

உள் அறையில் ராஜம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. தலைமுடியை வேட்டித் துணி ஒன்றால் இறுக்கித் துவட்டிச் சுற்றியிருந்தாள்.

"நேத்து நனைஞ்சேனேப்பா," என்றாள். "நீங்க வந்தப்போ நனைஞ்சிட்டுத்தானே நின்னேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல..."

"காலையில இருந்து வயித்துல அசையல."

சிரிக்க வைக்க ஏதாவது சொல்லவேண்டும். நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக வேண்டாமென்று விட்டுவிட்டேன். கோரைப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ராஜம், அந்த ஆபீசர் நான்தான்."

அவள் திரும்பினாள். ரயிலில் பேசியதைச் சொன்னேன். குடை எதற்கு, கூஜா எதற்கு, எதற்காக அவளைக் கூட்டிப்போக வந்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். சிரிக்கவில்லை.

"அப்போ அது பொய்யா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

இந்தக் கேள்விக்கு எங்கள் கம்பெனியில் யாரும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. "குண்டு போட்டது நிசம். படகு மேல சாம்பல் விழுந்தது நிசம். மழையில எங்கெங்கே இறங்கும், எவ்வளவு இறங்கும்னு நான் படிச்ச பேப்பர்ல இல்லை. குற்றாலம் பேர் எதுலயும் இல்லை. அதை நான் சேர்த்தேன். எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

"இந்தத் தண்ணியில இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது."

"இருக்குன்னு?"

"அதுவும் முடியாதும்மா."

பிறகு அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அடுக்களையில் கவிழ்க்காமல் தப்பிய ஒரு செம்பைக் கொண்டுவரச் சொன்னாள். நேற்றுப் பிடித்த சாரல் தண்ணீர்.

"நீங்க குடிப்பீங்களா?"

அவள் சோதிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் செம்பை வாங்கினேன். உள்ளே பார்த்தேன், அடியில் பித்தளை தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. தெரியாதுதான், அதுதானே அந்தத் தூசியின் விசேஷம். குடித்தேன். குளிர்ந்து, கொஞ்சம் ஓட்டு வாசனையோடு, ருசியாகவே இருந்தது. ருசி வேறு பயமாக இருந்தது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் செம்பை வாங்கிப் பாதி குடித்தாள். தாகம் அவ்வளவு இருந்திருக்கிறது. கதவுக்கு வெளியே நின்ற கோமதியம்மாள், விஷயம் என்னவென்று தெரியாமலே, "அப்பாடா" என்றாள்.

"அங்கன இருக்க ஆளுகளுக்கும் இதைச் சொல்லணும்லாப்பா," என்றாள் ராஜம். "எனக்குச் சொன்ன மாதிரியே."

ஜூலை 1, வியாழக்கிழமை. காலை பஸ்ஸிலேயே ஆறுமுகம் அண்ணாச்சியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இரண்டு மைல் வந்தார். பிறகு, "நீங்க எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுத்தவுக. அதனால ஒண்ணும் சொல்லல" என்றார். அந்த ஒன்றும் சொல்லாததை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

தேய்ப்பவர்கள் வரிசைக்கு முன்னால் நின்று, நான் ஆபீசர் இல்லை, மதுரை இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு, நான் சொன்னதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது கொஞ்சம், சேர்த்துச் சொன்னது அதிகம் என்று கத்தினேன். அருவி இரைச்சலில் கத்தத்தான் வேண்டும். இருபது முப்பது பேர் கூடினார்கள்.

"மேலிடத்துல இருந்து வாய மூடச் சொல்லிட்டாக போல," என்றார் ஒருவர்.

"ஆமா, நேத்து ஓடும்போதே பாத்தேன், முகம் சரியில்ல," என்றார் இன்னொருவர்.

சர்க்கார் ஒன்றை மறுத்தால் அது நிசம் என்று நம் ஜனங்கள் கற்றுக்கொண்டு வெகு நாளாகிறது. பொய்யைச் சொன்னபோது ஒரே ஆள் போதுமாக இருந்தது. இப்போது ஊரே கேட்கிறது, ஒருவர்கூட நம்பவில்லை.

மாடசாமிதான் வழி சொன்னார். "பேச்செல்லாம் எதுக்கு? சட்டையக் கழட்டுங்க, உக்காருங்க. நீங்க குளிங்க, பாப்போம்."

அண்ணாச்சி கடையிலிருந்து தானே எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கோபம் அவ்வளவும் அந்தக் கிண்ணத்தில் இருந்தது. நெற்றிவரை வழிய வழிய ஊற்றச் சொன்னார். மாடசாமி என் முதுகில் வேலையை ஆரம்பித்தார். அவருடைய கை என் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக விசாரித்தது.

"ஆபீசருக்கு உடம்பு நடுங்குது."

"குளிர்."

"எண்ணெய் சுடச்சுட இருக்கு. குளிராம்."

சுற்றி நின்றவர்கள் முதல் தடவையாகச் சிரித்தார்கள். நான் எழுந்து, வழுக்கும் பாறையில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். அருவிக்குள் தலையைக் கொடுத்தேன். மேலே யாரோ மூட்டை மூட்டையாக இறக்குவது போன்ற எடை. வாயை இறுக மூடிக்கொண்டேன், கண்ணை மூடிக்கொண்டேன், மூக்கையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மூடாத ஓட்டை காது மட்டும்தான் பாக்கி, அதில் தண்ணீர் போயிற்று. எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே வந்தால் ஏன் வந்தாய் என்பார்களே என்ற பயமும், உள்ளே நின்றால் என்ன ஆகுமோ என்ற பயமும் சரிசமமாக இருந்ததால் அங்கேயே நின்றேன். இதை வெளியே நின்றவர்கள் தைரியம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கண்ணைத் திறந்தபோது என் இடது பக்கத்தில் மாடசாமி நின்றார். அவருக்கு அப்பால் இரண்டு பேர். சிறிது நேரத்தில் ஆண்கள் பக்கம் நிறைந்தது. பெண்கள் பக்கம் இரைச்சல் கேட்டது. அண்ணாச்சி கடை வாசலில் எண்ணெய்க்கு ஆள் நின்றது. நேற்றுக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு ஓடிய பெண்ணோ, அவள் மாதிரி வேறொருத்தியோ, ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளங்கையில் அருவித் தண்ணீரைப் பிடித்து அதன் உச்சியில் தடவினாள். குழந்தை வீரிட்டது.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அதுவரை பயந்தது என் வீட்டுக்காக. இவர்களை விரட்டியவனும் நான், திரும்பக் கூட்டிவந்து நிறுத்தியவனும் நான். இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் கிடையாது. அந்தக் குழந்தையின் உச்சியில் தடவிய தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் சொல்ல முடியும். உலகத்தின் இன்னொரு கோடியில் யாரோ ஒரு பித்தானை அமுக்குகிறார்கள். குற்றாலத்தில் ஒரு தாய் பிள்ளையின் தலையில் தண்ணீர் வைக்க என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைவிடக் கேவலமான ஏற்பாடு இருக்க முடியாது.

கரையேறி, தலை துவட்டினேன். முடி துண்டோடு வருகிறதா என்று யாருக்கும் தெரியாமல் பார்த்தேன். நாலைந்து வந்தன. எனக்கு எப்போதும் வருவதுதான் என்று நினைக்கிறேன். முன்பு எண்ணியதில்லை.

ஜூலை 2, வெள்ளிக்கிழமை. ராஜத்தைக் கூட்டிப் போகாமலே கிளம்பினேன். வளைகாப்புக்கு மூன்று வாரம் கழித்து நாள் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு முறையாக மதுரைக்கு வருவாள். நடைவரை வந்து நின்றாள். முடி காய்ந்து பின்னியிருந்தது.

"ராத்திரி ரெண்டு தடவை உதைச்சுதுப்பா," என்றாள்.

நான் மேலே பார்த்துக் கும்பிட்டேன். அவள் அதற்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இனிமே உங்களுக்குப் பயமா இருந்தா முதல்ல என்னிட்ட சொல்லுங்க. ரயில்ல வாறவனுக்குத் தெரிஞ்சு, குற்றாலத்துக்குத் தெரிஞ்சு, தயிர்க்காரிக்குத் தெரிஞ்சு, கடைசியா எனக்குத் தெரியுது. வயித்துல இருக்கது என் பிள்ளை. அடுத்த தடவை அந்தப் பேப்பரை எல்லாம் கொண்டாங்க. நான் படிச்சுக்கிடுதேன்."

பிற்பகல் வண்டி. ராஜபாளையம் தாண்டியதும் மேகம் பின்தங்கிவிட்டது. விருதுநகர் வெயிலில் பெட்டிக்குள் எல்லோரும் விசிறிக்கொண்டார்கள். மதுரையில் இறங்கும்போது மணி ஏழு. தரை இன்னும் சுட்டது. எங்கள் ஊரில் வானத்திலிருந்து ஒன்றும் விழாது என்று நம்பித்தான் மகளை இங்கே கொண்டுவர நினைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது பார்த்தேன், காற்றில் வழக்கமான புழுதி. ஒவ்வொரு கடைப் பலகையிலும், ஒவ்வொரு இலையிலும் படிந்திருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பிறந்ததிலிருந்து நான் கேட்டதில்லை.

இதை எழுதும்போது ஊர் திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வளைகாப்புக்கு இன்னும் ஒன்பது நாள். தினம் பத்திரிகையைக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து படிக்கிறேன். என் மனைவிக்கும் இப்போது எல்லாம் தெரியும். கத்தரித்ததை அவள்தான் ஒரு பழைய பாலிசி உறையில் போட்டு வைக்கிறாள். இன்று காலை ஒரு பக்கத்தில், மழையால் ஆபத்து எதுவும் இல்லை என்று ஒரு விஞ்ஞானி சொன்னது வந்திருக்கிறது. அதற்குப் பக்கத்துப் பத்தியிலேயே, இருக்கிறது என்று இன்னொருவர். முதலாவதை மட்டும் கத்தரிக்கக் கை போனது. பிறகு இரண்டையும் சேர்த்தே கத்தரித்தேன்.